ஆடும் சிறாரும்: ஓர் இரவுப் பாசறைக்கு ஆயத்தம்

ஆடுகள் வெட்டவெளியில் இரவு தங்குதல் நம் நாட்டில் புதிய காரியமன்று. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டு வரும் கீதாரிகள், அறுவடை முடிந்த வயல்களில் தம் மந்தைகளைக் கிடை அமர்த்துவதை நம்முள் பலர் கண்டிருப்பர். ஆட்டின் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகின்றன. அதற்கு ஈடாக நிலக்காரர் நெல்லோ பணமோ கொடுக்கின்றனர். நிலம் அடிக்கடி மாறினும், அக்கிடையில் மந்தை மாறுவதில்லை, மேய்ப்பனும் மாறுவதில்லை. நூற்றுக்கணக்கான ஆடுகள் தாம் பிறந்தது முதல் அறிந்த ஆடுகளின் விலாவில் விலா சாய்ந்து கிடக்கின்றன. ஆதலின் அவற்றுக்கு எந்த வயலும் வீடேயாகும்.

இதனின் முற்றும் வேறான இரவுத் தங்கல் ஒன்று ஐக்கிய அமெரிக்க நாட்டில் உண்டு. பத்து அல்லது பன்னிரண்டு வயதுள்ள சிறுவனோ சிறுமியோ தான் வளர்க்கும் ஓரிரு செம்மறிக் குட்டிகளை வண்டியேற்றி, கண்காட்சித் திடலிலோ கல்லூரிப் பண்ணையிலோ கொண்டுசென்று இறக்குவர். அங்கே பல ஊர்களிலிருந்தும் அவ்வாறே வந்த சிறாரும் ஆடுகளும் கூடியிருக்கும். பகலில் ஆசிரியர்கள் ஆடு வளர்ப்பைக் கற்பிப்பர். இரவில் ஆடுகள் பட்டியிலும், சிறார் அருகிலுள்ள கொட்டகையிலோ கூடாரத்திலோ தங்குவர். சாரணர் பாசறையை அறிந்த நம் மாணாக்கர், அப்பாசறைக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆட்டையும் உடன் அழைத்து வருவதாகப் பாவித்துக் கொள்வாராயின் இதன் தன்மை எளிதில் விளங்கும்.

இங்கே மந்தை இல்லை. பழகிய நிலமும் இல்லை. கிடையில் தானே அமைந்திருக்கும் ஆறுதலை, இப்பாசறையில் ஒரு குழந்தையின் பல வார உழைப்பே ஆட்டுக்குத் தேடித் தரவேண்டும். அவ்வுழைப்பு எத்தகையது, அதன் காரணங்கள் யாவை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. இப்பாசறை தோன்றிய வரலாறு

1902ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஒஹையோ மாகாணத்துக் கிளார்க் கவுண்டியில், பள்ளிகளின் மேற்பார்வையாளராயிருந்த ஆல்பர்ட் கிரகாம் என்பார் கிராமச் சிறுவர் சிறுமியரை ஒன்றுகூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். மக்காச்சோளம் பயிரிடுதல், தோட்டமிடுதல், மண்ணைச் சோதித்தல் முதலியவற்றைச் சிறார் தம் கையாலேயே செய்து கற்கவேண்டும் என்பது அவர் கருத்து. இதுபோன்ற சங்கங்கள் பிற மாகாணங்களிலும் தோன்றி வளர்ந்து, பின்னர் 'நான்கு எச்' சங்கம் என்னும் ஒரே பெயரைப் பெற்றன. ஹெட், ஹார்ட், ஹாண்ட்ஸ், ஹெல்த் என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தே அந்த எச். அறிவு, நெஞ்சம், கை, உடல்நலம் ஆகிய நான்கும் ஒருங்கே பயிற்சி பெறவேண்டும் என்பது அதன் பொருள். நான்கிதழ்க் கிளோவர் இலை அச்சங்கத்தின் சின்னமாகும்.

கல்லூரியைச் சார்ந்த நாம் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நாட்டு அரசாங்கம் மாகாணங்களுக்கு நிலக்கொடை அளித்து, உழவும் கைத்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழ வழிசெய்தது. 1914ஆம் ஆண்டில் நிறைவேறிய ஸ்மித்-லீவர் சட்டம், அக்கல்லூரிகளின் அறிவைக் குடியானவரின் வாயிலுக்குக் கொண்டுசெல்லும் விரிவுப் பணியை நிறுவியது. சிறாரின் சங்கம் அப்பணியின் ஓர் அங்கமாயிற்று. எனவே, கல்லூரிச் சோதனைச்சாலையில் கண்ட உண்மையொன்று ஓர் எளிய ஆட்டுக்கொட்டிலில் குழந்தையின் கைவழக்கமாக மாறுதற்கு அங்கே ஒரு பாதை உண்டு. இரவுப் பாசறை அப்பாதையில் ஒரு படியாகும்.

2. ஆட்டின் இயல்பு

செம்மறியாடு இரையாகும் பிராணி. அதன் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்திருத்தலின், தனக்கு நேர் பின்புறம் தவிர ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தோன்றும். பகைவனை எதிர்க்கக் கொம்பும் பல்லும் போதாமையால், கூட்டமே அதற்குக் கோட்டை. கூட்டத்தினின்று பிரிக்கப்பட்ட ஆடு கத்தும், ஓடித் திரியும், தீவனத்தை வெறுக்கும். இதனை நாம் பிடிவாதம் என்று எண்ணுகிறோம், அஃது அச்சமேயாகும்.

ஆடு அறிவற்றது என்று உலகம் கூறினும், ஆராய்ச்சி அதனை ஒப்பவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரை அடுத்த பாபிரகாம் ஆராய்ச்சி நிலையத்துக் கீத் கென்டிரிக் என்பாரும் அவர் கூட்டாளிகளும், ஓர் ஆடு ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டாண்டுக்கு மேலும் நினைவில் வைத்திருத்தலை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தனியே அடைக்கப்பட்ட ஆட்டுக்கு மற்றோர் ஆட்டின் முகப்படத்தைக் காட்டிய அளவிலேயே அதன் கலக்கம் தணிகிறதென 2004ஆம் ஆண்டில் அவர்கள் காட்டினர். பழக்கப்பட்ட ஆடுகள் மனிதரின் முகப்படங்களையும் வேறு பிரித்தறியும் என்பது 2017இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் தெளிவாயிற்று.

இவற்றினின்று நாம் பெறும் விதி ஒன்று. ஆட்டைக் கலங்கச் செய்வது புதுமை; தேற்றுவது பழக்கம். பாசறைக்குச் செல்லும் ஆட்டுக்கு அவ்வோரிரவில் எத்தனை புதுமைகள் நேரக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். புதிய இடம், புதிய தீவனம், புதிய தண்ணீர், புதிய அண்டை ஆடுகள், புதிய ஓசை, புதிய விளக்கொளி, புதிய கயிறு, புதிய வண்டி. இவற்றுள் தவிர்க்க இயலாதவை இடமும் அண்டையுமே. ஏனைய அனைத்தையும் முன்னரே பழக்கிவிடலாம், அல்லது வீட்டிலிருந்தே கொண்டுசெல்லலாம். அங்ஙனம் புதுமைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருதல்தான் ஆயத்தம் என்பது. இவ்விதியை மனத்திற் கொண்டால், பின்வரும் ஏற்பாடுகள் யாவும் அதன் கிளைகளே என்பது புலப்படும்.

3. தீவனமும் தண்ணீரும்

ஆட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய புளிப்புப் பானை போன்றது. அதனுள் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே புல்லையும் தானியத்தையும் சிதைத்து ஆட்டுக்கு ஆகாரமாக்குகின்றன. புல்லுக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் வேறு. தானியத்துக்கு ஏற்றவை வேறு. தீவனம் திடீரென மாறினால், முக்கியமாகத் தானியம் மிகுந்தால், இரைப்பையில் அமிலம் பெருகும். ஆடு அசைபோடுதலை நிறுத்திச் சோர்ந்து விழும். உயிர் துறத்தலும் உண்டு. ஆகையால் எத்தீவன மாற்றமும் ஏழு முதல் பத்து நாள் வரையில் சிறிது சிறிதாகவே செய்யப்படல் வேண்டும்.

பாசறைக்குச் செல்லும் சிறார் தம் வீட்டு உலர்புல்லையும் அடர்தீவனத்தையும் வேளைக்கு ஒரு பொட்டலமாக நிறுத்துக் கட்டிக்கொண்டு செல்வது இதுபற்றியே. ஒருநாட் பொட்டலம் மிகுதியாகவும் இருத்தல் நலம். அண்டைப் பட்டித் தோழன் அன்புடன் அளிக்கும் ஒரு கைப்பிடித் தானியமும் அன்றிரவு கேடாய் முடியலாம். மாட்டுக்கென விற்கப்படும் தீவனத்தை ஆட்டுக்கு இடலாகாது என்பதையும் முன்னரே சொல்லிவைக்கின்றனர். அதிற் சேர்க்கப்படும் செம்புச் சத்து மாட்டுக்கு வேண்டுவதாயினும், செம்மறியின் ஈரலில் தங்கி நஞ்சாகும்.

தண்ணீரைக் குறித்த எச்சரிக்கை இன்னும் பெரிது. ஓர் ஆடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு முதல் எட்டு லிட்டர் வரை குடிக்கும். வெயிற் காலத்தில் இதற்கு மேலும் வேண்டும். ஆயினும் புதிய ஊர்த் தண்ணீரின் மணமும் சுவையும் மாறுபட்டால், தாகத்தோடு நிற்குமேயன்றி வாய்வையாது. இதற்கு இரண்டு உபாயங்கள் உள. வீட்டுத் தண்ணீரையே கலங்களில் கொண்டுசெல்வது ஒன்று. பாசறைக்குச் சில நாள் முன்பிருந்தே தண்ணீரில் சிறிது வெல்லப்பாகு கலந்து பழக்கி, அங்கும் அவ்வாறே கலந்து வைப்பது மற்றொன்று. இரண்டாவதில் நாவுக்குப் புதுமை தோன்றாதபடி பழைய சுவை மறைத்துவிடுகிறது. ஆடு வழக்கமாகக் குடிக்கும் வாளியையே உடன் எடுத்துச் செல்வதும் சிறு காரியமெனத் தோன்றினும் பெரும் பயன் தருவது.

4. கயிறும் நடையும்

கூட்டத்தில் முன்னாடு செல்லும் வழியே பின்னாடு செல்லும். தனியாடோ, கயிற்றில் நடக்கக் கற்பிக்கப்பட்டால் அன்றி ஓரடியும் எடுத்துவைக்காது. இப்பயிற்சி பாசறைக்குப் பல வாரம் முன்னரே தொடங்கப்படவேண்டும்.

முதற்பாடம் கயிறன்று. சிறுவன் பட்டியினுள் அமைதியாக அமர்ந்திருத்தலே முதற்பாடம். ஆடு தானே அருகில் வந்து மோந்து பார்க்கும்வரை அவன் காத்திருக்கிறான். பொறுமையற்ற பிள்ளைக்கு இதனினும் கடினமான பாடம் இல்லை. பின்னர் முகக்கயிறு இடுகின்றனர். மூக்கின்மேல் வரும் பகுதி கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பு உள்ள இடத்தில் பொருந்த வேண்டும். மெல்லெலும்பின்மேல் தாழ்ந்து விழுந்தால் மூச்சு அடைபடும். கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்றலும் ஆகாது. சிறிது இறுக்கி, ஆடு ஓரடி முன்வைத்த அக்கணமே தளர்த்தவேண்டும். அத்தளர்ச்சியே அதற்குப் பரிசு. நாளொன்றுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். ஒருநாளில் இரண்டு மணி நேரம் வருத்துவதினும், பன்னிரண்டு நாட்கள் பத்து நிமிடம் பழக்குவதே மேல்.

கட்டிய ஆட்டைத் தனியே விட்டு அகலலாகாது என்பது மீறப்படக்கூடாத கட்டளை. அஞ்சித் துள்ளும் ஆடு தன் கயிற்றிலேயே சிக்கிக் கழுத்து நெரிந்து மாயும். பட்டியினுள் விட்டவுடன் கயிற்றைக் கழற்றிவிடுதலும் இக்காரணத்தாலேயே.

நன்கு பழகிய ஆட்டை வீட்டைச் சுற்றியும், சரளைப் பாதையிலும், ஈரத் தரையிலும், வண்டியின் சாய்பலகை மீதும் நடத்திக் காட்டுகின்றனர். கொட்டிலில் வானொலிப்பெட்டியைத் தாழ்ந்த குரலில் பேசவிட்டு, மனித ஓசைக்குப் பழக்குவோரும் உளர்.

5. நோய் வாராமற் காத்தல்

பல ஊர் ஆடுகள் ஒருங்கே கூடுமிடத்தில் பல ஊர் நோய்களும் கூடும். ஆதலின் பாசறைக்கு முன் செய்யவேண்டிய சோதனை இருமுகமானது: நம் ஆட்டைப் பிறர் நோயினின்று காத்தல், பிறர் ஆட்டை நம் நோயினின்று காத்தல்.

நம் ஊர்களில் துள்ளுமாரி என்று வழங்கும் நோய், நன்கு கொழுத்து வளரும் குட்டியையே தேடிப் பிடிப்பது. குடலில் வழக்கமாயுள்ள ஒருவகை நுண்ணுயிர், மாவுத் தீவனம் மிகுந்த வேளையில் பெருகி நஞ்சைக் கக்கும். மாலையில் துள்ளி விளையாடிய குட்டி காலையில் மாண்டு கிடக்கும். அந்நிலையில் மருந்தளித்தற்கும் பெரும்பாலும் அவகாசமிராது. தடுப்பூசியே அரண். முதன்முறை போடும்போது மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் வேண்டும். எனவே பாசறைக்கு இரண்டு நாள் முன்னர் நினைவு வந்தால் பயனில்லை. நாட்காட்டியில் ஒரு மாதத்துக்கு மேலாகவே குறித்துவைக்க வேண்டும்.

புறப்படுமுன் ஆட்டை முழுதும் தடவிப் பார்க்கிறார்கள். உதட்டிலும் மூக்கோரத்திலும் பொருக்குப் புண் உண்டா? அது மனிதர் கைக்கும் தொற்றும் வாய்ப்புண் நோயாயிருக்கலாம். தோலில் மயிர் உதிர்ந்த வட்டங்கள் உண்டா? செம்மறிக் குட்டிகளிடையே விரைவிற் பரவும் படர்தாமரை அது. அதுவும் மனிதரைத் தொற்றும். குளம்பின் இடுக்கில் துர்நாற்றம் உண்டா? குளம்பழுகல் எனின், ஓர் ஆட்டின் கால் பல பண்ணைகளை நொண்டச் செய்யும். இவற்றுள் எதனைக் கண்டாலும் அவ்வாடு வீட்டிலேயே தங்குதல் வேண்டும். குட்டி ஈனும் காலம் நெருங்கிய ஆட்டையும் கொண்டுசெல்லுதல் தகாது. ஆசையோடு காத்திருந்த பிள்ளைக்கு இது கண்ணீர் வரவழைக்கும் செய்திதான். ஆயினும் பாசறை கற்பிக்கும் முதல் நீதியை அப்பிள்ளை பாசறைக்குப் போகாமலே கற்றுக்கொள்கிறது. ஆடில்லாது வந்து பாடங்களில் கலந்துகொள்ள இடமளித்தால் அக்குழந்தையின் நேர்மைக்கு அது கைம்மாறாகும்.

செம்மறிகளின் மூளையைத் தாக்கும் ஸ்கிரேப்பி என்னும் நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் அந்நாட்டில் 2001ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் பொருட்டு ஆடுகளுக்கு அரசாங்க அடையாள எண் பொறித்த காதுவில்லை அணிவிக்கின்றனர். நோய் தோன்றின், ஆடு எந்தப் பண்ணையில் பிறந்ததென எண்ணைக் கொண்டு தேடிச்செல்லலாம். குழந்தை அந்த எண்ணைத் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைக்கிறது.

6. பிரயாணமும் பட்டியும்

வண்டியைக் கழுவி உலர்த்தி, தரை வழுக்காதபடி வைக்கோல் பரப்புகின்றனர். காற்றோட்டம் வேண்டும்; ஆனால் முகத்தில் நேரே மோதும் குளிர்காற்று ஆகாது. வெயிலேறுமுன் புறப்படுதல் நன்று. உரோமம் கத்தரிப்பதாயின் சில நாள் முன்னரே கத்தரித்துவிட வேண்டும். அன்றே கத்தரித்தால் பகல் வெயில் தோலைச் சுடும், இரவுக் குளிர் உடலை நடுக்கும்.

பட்டியில் ஆடொன்றுக்குப் பதினைந்து முதல் இருபது சதுர அடி இடம் ஒதுக்குகின்றனர். ஒரே பண்ணையிலிருந்து வந்த இரண்டு ஆடுகளை ஒரே பட்டியில் விடுதல் மிகவும் நல்லது. பழகிய முகம் எத்துணை ஆறுதல் என்பதை மேலே கண்டோம். வெவ்வேறு பண்ணை ஆடுகள் மூக்கோடு மூக்கு தொடாதபடி இடையில் மறைப்பு வைத்தல் நோய்த் தடுப்புக்கு உதவும். அப்பாலுள்ள ஆடுகள் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்தல் மனக் கலக்கத்துக்கு மருந்தாகும். இவ்விரண்டையும் ஒருங்கே அமைப்பதில்தான் பாசறைத் தலைவரின் திறமை விளங்கும். வாளி, கவளம், கயிறு முதலியவற்றை ஒருவர்க்கொருவர் இரவல் கொடுத்தல் கூடாது. தோழமைக்குப் பெயர்பெற்ற பாசறையில் இஃதொன்று மட்டும் விலக்கு.

7. இரவு

ஆடு மனிதரைப்போல் நெடுநேரம் உறங்குவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமே உறங்கி, மீதி இரவில் பெரும்பகுதியைப் படுத்து அசைபோட்டுக் கழிக்கும். ஆகவே விளக்கணைக்கு முன் சிறார் தம் ஆட்டைப் பார்க்கச் செல்லும்போது கவனிக்கவேண்டிய முதற்குறி, வாய் அசைகிறதா என்பது. அசைபோடும் ஆடு அமைதியுற்ற ஆடு. மூலையில் தலை தாழ்த்தித் தனித்து நிற்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, வயிற்றை உதைத்துக் கொள்வது, புழுக்கை இளகுவது, தீவனம் தொடாதிருப்பது ஆகியன துன்பக் குறிகள். ஓய்ந்திருக்கும் செம்மறியின் உடல்வெப்பம் சுமார் 102 முதல் 103 பாகை பாரன்ஹீட் வரை இருக்கும். மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ இருபது. வெப்பத்தால் வாய் திறந்து இரைப்பின் உடனே நிழலும் காற்றும் தண்ணீரும் தந்து பெரியோரை அழைத்தல் வேண்டும்.

இவ்வெண்களைப் பாசறையில் கற்றுப் பயனில்லை. தன் ஆடு வீட்டில் நலமாயிருக்கையில் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது, எவ்வாறு படுக்கிறது என்று முன்பே கண்டு எழுதிவைத்த பிள்ளையே அன்றிரவு வேறுபாட்டை உணரும். நலத்தை அறியாதவன் நோயை அறியான்.

இக்காரணம் பற்றியே ஒத்திகை இரவு ஒன்று நடத்துதல் உத்தமம். பாசறைக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டிலேயே ஒரு சிறு பட்டி கட்டி, ஆட்டை மந்தையினின்று பிரித்து, பொட்டலத் தீவனத்தையும் பாகு கலந்த தண்ணீரையும் வைத்து, ஓரிரவு தங்கவிடலாம். பிள்ளையும் வழக்கமான படுக்கையை விட்டு வேறோரிடத்தில் உறங்கலாம். எது மறந்துபோயிற்று என்பதை அவ்விரவே சொல்லிவிடும். வீடு அருகிலிருத்தலின் திருத்தவும் எளிது.

8. சிறாரின் ஆயத்தம்

ஆட்டுக்குக் கூறிய விதி பிள்ளைக்கும் பொருந்தும். முதன்முறை வீட்டைவிட்டு உறங்கும் குழந்தைக்கும் இடம் புதிது, உணவு புதிது, முகங்கள் புதிது. ஆட்டைத் தேற்ற வந்த பிள்ளை தானே கலங்கினால், அக்கலக்கம் கயிற்றின் வழியே ஆட்டுக்குச் சென்றுவிடும். ஆதலின் பாசறைத் தலைவர்கள் நாள்முறைப் பட்டியலை முன்னரே வீட்டுக்கு அனுப்புகின்றனர். எப்போது எழுதல், எப்போது தீவனமிடல், யாரிடம் உதவி கேட்டல் என்பன தெரிந்திருந்தால் பாதி அச்சம் நீங்கும். விடியலில் ஆட்டுக்குத் தீவனமும் நீரும் வைத்த பின்னரே தன் காலையுணவு என்பது ஆட்டுடையோர் யாவர்க்கும் உரிய ஒழுங்கு.

விரல் மூடிய காலணி, மாற்றுடை, வழக்கமாக உண்ணும் மருந்து, பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல், நோய் வரலாற்றுக் குறிப்பு ஆகியன உடன் வேண்டும். கைகழுவுதலைப் பற்றி ஒரு வார்த்தை. 2004ஆம் ஆண்டில் வட கரோலினா மாகாணக் கண்காட்சியில், ஆடுகளைத் தொட்டு விளையாடும் பட்டி ஒன்றன் வழியாகக் கொடிய ஈ.கோலை நுண்ணுயிர் பரவியது. 108 பேர் நோயுற்றோராகக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 15 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் சிக்கல் நேர்ந்தது. அப்பட்டியில் இருந்தவை நோயின் குறி காட்டாத ஆடுகளே. ஆகையால் பட்டியினுள் உண்ணலாகாது. விரலை வாயில் வைக்கலாகாது. பட்டியைவிட்டு வந்தவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவவேண்டும். கையில் தடவும் சாராயக் களிம்பு அதற்கு ஈடாகாது.

பிள்ளையின் நெஞ்சுக்கும் ஓர் ஆயத்தம் உண்டு. இக்குட்டிகளிற் பல, ஆண்டிறுதிக் கண்காட்சிக்குப் பின் இறைச்சிக்காக விற்கப்படுபவை. நல்ல தலைவரும் பெற்றோரும் இதனைக் குட்டி வாங்கும் நாளிலேயே மறைக்காமற் கூறுகின்றனர். முடிவு அறிந்தும், உள்ள நாளெல்லாம் அவ்வுயிரைப் பசியும் அச்சமும் இன்றிக் காத்தல் தன் கடன் என்று உணர்ந்த பிள்ளையே உண்மையில் ஆடு வளர்க்கக் கற்ற பிள்ளை. அழுகை வந்தால் அழவிடுதல் தக்கது. அதனை நகைத்தல் தகாது.

இவ்விடத்தில் நம் கிடைகளை மீண்டும் நினையாதிருக்க முடியவில்லை. அங்கும் சிறுவர் ஆட்டோடு இரவைக் கழிப்பதுண்டு. கீதாரி குடும்பத்துப் பிள்ளை தந்தையோடு நடந்து தொழில் கற்பது ஒருவகை. மற்றொரு வகை துயரமானது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், காவிரிப் பாசன மாவட்டங்களின் வறிய வீட்டுச் சிறுவர் சிலர் முன்பணத்துக்கு ஈடாக ஆடு மேய்க்க விடப்பட்டு, அதிகாரிகளால் மீட்கப்பட்ட செய்திகள் இந்நூற்றாண்டிலும் வெளிவந்துள்ளன. இருவர் கையிலும் ஒரே வகை ஆடுதான், வானமும் ஒன்றுதான். ஒருவன் விரும்பி வந்து, கற்று, மறுநாள் வீடு திரும்புவான். மற்றவனுக்குத் திரும்பும் நாள் அவன் கையில் இல்லை. எந்தப் பாசறையையும் அளக்கும் கோல் இதுவே. ஆட்டைக் காக்கும் சிறுவனைக் காப்பவர் அங்கே உளரா? உளராயின் அது கல்வி. இலராயின் ஆடு எவ்வளவு கொழுத்திருப்பினும் அது கொடுமை.

9. வீடு திரும்பிய பின்

பாசறை முடிந்தது என்று பிள்ளைகள் எண்ணும் வேளையில்தான் கடைசிப் பாடம் தொடங்குகிறது. திரும்பிய ஆட்டை நேரே மந்தையில் சேர்க்கலாகாது. மூன்று அல்லது நான்கு வாரம் தனிப் பட்டியில் வைத்து, வாய், தோல், குளம்பு ஆகியவற்றை நாடோறும் பார்க்கவேண்டும். ஒளிந்திருந்த நோய் அதற்குள் பெரும்பாலும் வெளிப்படும். முதலில் வீட்டு மந்தைக்கும், பிறகே தனித்த ஆட்டுக்கும் தீவனமிடுதல் முறை. பாதரட்சை, வாளி, வண்டி யாவும் கழுவி உலர்த்தப்படும். செலவும் எடையும் தீவன அளவும் கணக்குப் புத்தகத்தில் ஏறும்.

மாணாக்க நண்பர்களே, ஓரிரவுக்காக இத்தனை வார உழைப்பா என்று நீங்கள் வினவலாம். அவ்வோரிரவில் ஆடு அமைதியாகப் படுத்து அசைபோடுமாயின், அது பல நாள் பத்து நிமிடங்களின் பயனேயாகும். தேர்வுக்கு முந்திய இரவில் நூலைத் திறப்போர்க்கும் இதில் ஓர் அறிவுரை இல்லாமலில்லை. நம்முள் பலர் ஆடு மாடு உள்ள வீடுகளிலிருந்து வந்தவர். விடுமுறைக்கு அவ்வீடுகளுக்கே திரும்புகிறவர். துள்ளுமாரிக்கு ஊசி எப்போது, குளம்பில் நோக்கவேண்டியது யாது, திரும்பிய ஆட்டை ஏன் பிரித்துவைத்தல் வேண்டும் என்பவற்றை இவ்விடுமுறையில் வீட்டிலுள்ள ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ பட்டியருகில் நின்று செய்து காட்டுங்கள். கல்லூரியினின்று கொட்டிலுக்குச் செல்லும் பாதையை அரசாங்கச் சட்டந்தான் அமைக்கவேண்டும் என்பதில்லை. நாம் ஒவ்வொருவரும் விடுமுறைதோறும் நடந்து அதனை உண்டாக்கலாம்.